மதிலுக்குள் அறுபத்திரண்டு மான்கள்

கவரைப்பேட்டையைத் தாண்டி கும்மிடிப்பூண்டி போகிற வழியில், நெடுஞ்சாலைக்கு மேற்கே இருக்கிற இரும்புக் குழாய்க் கம்பெனியில் ஜோதிலட்சுமி தோட்ட வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அங்கே கேண்டீன் கட்டியிருக்கிற இடம், ஒரு காலத்தில் அவள் மாமனார் வேர்க்கடலை போட்ட கொல்லை. கம்பெனிக்கு இடம் எடுத்தபோது கொல்லையைக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் ஏரியை ஒட்டியிருந்த ஒன்றேகால் ஏக்கர் நெல் கழனியை மட்டும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டது சரியா தப்பா என்பது இன்றுவரை அந்த வீட்டில் முடியாத பேச்சு.

மதில் எழும்பி முடிந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கழனிக்கு ஒரு பக்கம் ஏரி, இரண்டு பக்கம் அடுத்தவர் நிலம், நாலாவது பக்கம் எட்டடி மதில். வண்டிப் பாதை மதிலுக்குள் போய்விட்டது. உழவுக்கு டிராக்டர் இறங்க வேண்டும் என்றாலும், அறுப்புக்கு மிஷின் வர வேண்டும் என்றாலும் கம்பெனியின் பின்கேட்டைத் திறந்துவிட்டால்தான் உண்டு. திறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு நாலைந்து முறை ஜோதிலட்சுமியின் கணவர் துளசிராமன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவார். எச்.ஆர். மேனேஜர் மோகன்ராஜ் இருக்கச் சொல்லி, டீ வரவழைத்து, செக்யூரிட்டியிடம் சாவியைக் கொடுத்து அனுப்புவார். எழுத்தில் எதுவும் கிடையாது. அவர் மனசு வைத்தால் திறக்கும், அவ்வளவுதான்.

மதிலுக்குள் மாட்டிக்கொண்டது பாதை மட்டுமல்ல. தைலமரமும் முள்காடுமாகக் கிடந்த இடம் அது. வேலை முடிந்து நாலு பக்கமும் அடைத்தபோது உள்ளே பதினோரு புள்ளிமான்கள் நின்றன. வெளியே போக வழியில்லை. போனாலும் ஒரு பக்கம் லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் ரயில் பாதை. கம்பெனிக்காரர்களுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. காலண்டரில் மான் படம் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் பேட்டரி வண்டியில் ஏற்றிக் காட்டினார்கள். நரி கிடையாது, நாய் உள்ளே வராது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பதினொன்று அறுபத்திரண்டு ஆனது.

அந்த அறுபத்திரண்டையும் ஜோதிலட்சுமிக்கு முகம் தெரியும். ஒரு கொம்பு மடங்கிய கிடா, காது கிழிந்த பெட்டை, எப்போதும் முன்னால் வந்து நிற்கிற துடுக்கான குட்டி. பெயர் வைத்துக் கொஞ்சுகிற ஆள் அல்ல அவள். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் குழாயைத் திறக்கப் போகும்போது எதிரே நிற்பதால் தெரியும்.

தண்ணீர் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆயிரத்து இருநூறு பேர் வேலை செய்கிற இடம். அவர்கள் குளிக்கிற, கழுவுகிற தண்ணீரையெல்லாம் சுத்தப்படுத்தி உள்ளேயே செலவழிக்க வேண்டும், ஒரு சொட்டுகூட மதிலைத் தாண்டக்கூடாது என்பது அரசாங்கத்தின் நிபந்தனை. அதனால் பன்னிரண்டு ஏக்கர் புல்வெளி போட்டு, அதன் மேல் தினமும் தெளித்தார்கள். பங்குனி வெயிலில் சுற்றுவட்டாரமே காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது கம்பெனிக்குள் மட்டும் புல் பச்சையாக, அடியில் ஈரம் காயாமல் இருக்கும். வாரம் ஒருமுறை வெட்டுகிற புல்லில் ஆளுக்கு ஒரு கட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று சூப்பர்வைசர் ஸ்டீபன் சொல்லியிருந்தான். ஜோதிலட்சுமி வீட்டில் ஒன்பது ஆடு. அந்தக் கட்டு அவளுக்குப் பெரிய உதவி.

போன வருஷம் சித்திரையில் கம்பெனியை விரிவுபடுத்தினார்கள். புது ஷெட்டுக்காக முள்காட்டைப் பொக்லைன் வைத்து இரண்டே வாரத்தில் வழித்துவிட்டார்கள். அதுவரை மான்கள் காடு முழுக்கப் பரவி, வேலங்காயும் தழையும் எட்டிக் கடித்துக்கொண்டிருந்தன. இப்போது அத்தனையும் புல்வெளிக்கு வந்து சேர்ந்தன. காலையும் மாலையும் ஒரே இடத்தில் மேய்ந்து, ஒரே இடத்தில் புழுக்கை போட்டு, அங்கேயே படுத்தன.

ஆடி மாதம் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஒரு பரபரப்பு. புல் அங்கங்கே திட்டுத் திட்டாக மஞ்சளாகியிருந்தது. எரு போட்டால் ஒரு மாதத்தில் தேறிவிடும் என்று ஜோதிலட்சுமிதான் சொன்னாள். எரு எங்கே கிடைக்கும் என்று ஸ்டீபன் கேட்டான். அவள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் சேர்ந்த ஆட்டெருவை இரண்டு டெம்போவில் ஏற்றிக் கொடுத்தாள். மக்க வைத்துப் போடுவதுதான் முறை. அதற்கு நாள் இல்லை. பட்டியிலிருந்து அள்ளியதை அப்படியே தூவி, மேலே தண்ணீரும் விட்டார்கள். புல் ஜோராக எழுந்தது. விருந்தாளிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மோகன்ராஜ் தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு புடவை கொடுத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்த பிறகுதான் காது கிழிந்த பெட்டையின் தாடைக்குக் கீழே ஏதோ தொங்குவதைப் பார்த்தாள். தண்ணீர் நிரப்பிய பை மாதிரி இருந்தது. இரண்டு நாளில் இன்னொன்றுக்கும் அதே மாதிரி. ஆடு வளர்க்கிறவளுக்கு அது என்னவென்று தெரியாமல் இருக்குமா? வயிற்றில் புழு சேர்ந்து ரத்தத்தைக் குடித்தால் ஆட்டுக்கு அப்படித்தான் வீங்கும். அவள் ஆடுகளுக்கும் மூன்று வருஷம் முன்பு வந்தது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் கடையில் வெள்ளை மருந்து வாங்கி எல்லா ஆட்டுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஸ்டீபனிடம் போய்ச் சொன்னாள். அவன் மோகன்ராஜிடம் சொன்னான். டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு மோகன்ராஜ் யோசித்தார். ஊரில் இருக்கிற டாக்டர் வந்தால் வனத்துறைக்குச் சொல்லாமல் இருக்க மாட்டார். வனத்துறை வந்தால், முள்காட்டை வெட்டும்போது மான் இருந்ததா என்று கேள்வி வரும். பத்திரிகை வரும். ஆட்டுக்குக் கொடுக்கிற மருந்தையே தவிட்டில் கலந்து வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஜோதிலட்சுமி மருந்தின் பெயரைச் சொன்னாள். அளவையும் அவளே சொன்னாள். கலந்து வைத்தவளும் அவள்தான்.

மான்கள் தவிட்டைத் தின்றன. ஆனால் வீக்கம் வற்றவில்லை.

கார்த்திகையில் முதல் மான் செத்தது. அந்த வாரமே இன்னும் இரண்டு. நடுவில் ஒரு புயல் மழை வந்து தாழ்வான இடமெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றது. மிச்சம் மேடாக இருந்த நாலு ஏக்கர் புல்லில் மந்தை மொத்தமும் நெருக்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் வடிந்தபோது ஏழு மான் போயிருந்தன. பழைய இரும்பு போடுகிற இடத்துக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார்கள். ஜோதிலட்சுமியும், அவளோடு வேலை செய்கிற செல்வியும் மண் தள்ளினார்கள். வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று ஸ்டீபன் சொன்னான். மிரட்டலாகச் சொல்லவில்லை. தனக்கும் குடும்பம் இருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னான்.

மார்கழி பாதியில் ஜோதிலட்சுமியின் ஆடு ஒன்று நிற்க முடியாமல் படுத்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனாள். அங்கே டாக்டர் இளமதி. முப்பது வயது இருக்கும், ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண். ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துக் காட்டினாள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம், சலவைத்துணி மாதிரி வெளுத்திருந்தது.

மாதாமாதம் மருந்து கொடுத்தும் இப்படி ஆகிறதே என்று ஜோதிலட்சுமி கேட்டாள். எல்லா ஆட்டுக்குமா கொடுத்தீர்கள், எத்தனை வருஷமாக என்று டாக்டர் கேட்டாள். மூன்று வருஷமாக என்றதும் பெருமூச்சு விட்டாள்.

"அதாம்மா தப்பாயிடுச்சு. மருந்துக்குச் சாகுற புழுவெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு. சாகாத புழு மட்டும்தான் குட்டி போட்டுக்கினே இருக்கு. இப்ப உங்க ஆட்டுல இருக்கறது பூரா அந்த ஜாதிதான். நீங்க அந்த மருந்த குடம் குடமா ஊத்தினாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது."

பிறகு புழு எப்படிப் பரவுகிறது என்று பொறுமையாகச் சொன்னாள். வயிற்றில் இருக்கிற புழு போடுகிற முட்டை, புழுக்கையோடு வெளியே விழும். ஈரம் இருந்தால் ஒரு வாரத்தில் பொரித்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுவாகிப் புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும். அந்தப் புல்லைக் கடிக்கிற ஆட்டுக்குள் போகும். வெயிலில் தரை காய்ந்தால் பெரும்பாலும் செத்துவிடும். காயாத தரையில் ஒரே மந்தை திரும்பத் திரும்ப மேய்ந்தால்தான் ஆபத்து. எரு மக்கும்போது வருகிற சூட்டிலும் செத்துவிடும், பச்சையாகப் போட்டால் சாகாது.

இரண்டு டெம்போ எரு ஜோதிலட்சுமிக்கு ஞாபகம் வந்தது. ஆட்டின் காதைப் பிடித்தபடியே நின்றாள்.

"இதுக்கு இன்னா புல்லு போடறீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"கம்பெனிப் புல்லு, மேடம்."

"அங்க ஆடு மேயுதா?"

"இல்ல."

"வேற எதுனா?"

ஜோதிலட்சுமி ஆட்டைத் தூக்கிக்கொண்டாள். ஆட்டோ நிற்கிறது என்று சொல்லிவிட்டு, கொடுத்த புது மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே ஓட்டம்தான் மனசில். என் பட்டியிலிருந்து எரு போனது. எருவோடு புழு போனது. தண்ணீரைத் திறந்து அதை வளர்த்தவளும் நான். செத்துப்போகாத புழு என்று தெரியாமல், அதற்கு அந்த மருந்தையே சொல்லிக் கொடுத்தவளும் நான். பிறகு அந்தப் புல்லையே கட்டிக்கொண்டு வந்து என் ஆட்டுக்குப் போட்டிருக்கிறேன்.

சாயங்காலம் கழனியிலிருந்து வந்த துளசிராமனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நெல் பால் பிடித்து மணி முற்றிக்கொண்டிருந்தது. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் அறுப்பு. மிஷினுக்குக்கூட சொல்லி வைத்தாகிவிட்டது.

"டாக்டராண்ட நீ சொன்னா, அது ஃபாரஸ்ட்டுக்குப் போவும். ஃபாரஸ்ட் வந்தா, யார் சொன்னதுன்னு கம்பெனிக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார். "பின்கேட்ட மூடிட்டான்னு வை, கதிர எந்த வழியா எடுக்கறது? இருபது நாளு பொறு ஜோதி. அறுத்துக் கரை ஏத்திட்டு, அப்பறம் நானே வரேன் உங்கூட."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. சரி என்றாள்.

இருபது நாள் என்பது சொல்லத்தான் சின்னது. வீட்டில் ஆடுகளுக்குப் புல் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். ஆனால் கம்பெனியில் தினமும் காலை ஏழு மணிக்கு அவள் கையால்தான் குழாயைத் திறக்க வேண்டும். மழைக்காலத்தில் எதற்கு இத்தனை தண்ணீர் என்று ஸ்டீபனிடம் கேட்டுப் பார்த்தாள். தொட்டி நிரம்பி வழிந்தால் அவன் வேலை போய்விடும் என்றான். ஒரு நாள் பாதி நேரத்தில் வால்வை மூடிவிட்டாள். பத்தே நிமிஷத்தில் கண்ட்ரோல் ரூமிலிருந்து ஆள் ஓடி வந்து திறந்துவிட்டுப் போனான். மான்களைக் கையைத் தட்டி மேட்டுப் பக்கம் விரட்டிப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போய், மதிலில் முட்டி, சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து குனிந்து மேய்ந்தன. அவற்றுக்கும் வேறு எங்கே போவது?

புல் நுனியில் பனி நிற்கிற நேரம் அது. வெறும் பனித்துளி என்று அவளால் இப்போது பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு துளியிலும் ஏதோ நெளிகிற மாதிரி இருந்தது. யாரைப் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டாள். செல்வி என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

ஒன்பதாம் நாள் காது கிழிந்த பெட்டை கேண்டீனுக்குப் பின்னால் படுத்துவிட்டது. சினை. வயிறு பெருத்து, மற்ற இடமெல்லாம் எலும்பு. பக்கத்தில் ஆள் வந்தால் ஓடுகிற மிருகம், ஜோதிலட்சுமி குந்தி உட்கார்ந்து அதன் கண்ணிமையை இழுத்துப் பார்க்கிற வரைக்கும் அசையாமல் கிடந்தது. இமை வெள்ளை. காக்கை ஒன்று தைரியமாகப் பக்கத்தில் வந்து இறங்கியது. அதை விரட்டிக்கொண்டு மதியம் வரை அங்கேயே இருந்தாள். மதியத்துக்கு மேல் பெட்டை செத்தது. அதன் வயிற்றில் குட்டி இன்னும் கொஞ்ச நேரம் உதைத்தது. தோல் எழும்பி அடங்குவது வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் நின்றது.

அன்று சாயங்காலம் அவள் ஒரு புல்கட்டு கட்டினாள். ஆட்டுக்குப் போடுவதற்கல்ல. கட்டுக்கு நடுவில், நாலைந்து இடத்தில் பொறுக்கிய மான் புழுக்கையைப் பாலிதீன் கவரில் போட்டுச் சொருகினாள். கேட்டில் பையைத்தான் சோதிப்பார்கள், புல்லை யாரும் பிரிப்பதில்லை. அன்றைக்கு என்னவோ செக்யூரிட்டி கட்டின் மேல் கையை வைத்து, இன்றைக்கு ரொம்ப நல்ல புல்லாச்சே என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்தாள். சாலைக்கு வந்து சேரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக மருந்தகம் போனாள். டாக்டர் இளமதி கிளம்பிக்கொண்டிருந்தவள், மான் சாகிற விஷயத்தைக் கேட்டு, கவரைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போனாள். புழுக்கையை உப்புத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மேலே மிதந்ததை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் தலையைத் தூக்கவே இல்லை. பிறகு ஜோதிலட்சுமியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். வட்டத்துக்குள் கொத்துக் கொத்தாக, நீள உருண்டையாக முட்டைகள். தன் ஆட்டில் இருக்கிறதும் இதுவும் ஒன்றா என்று அவள் கேட்டாள். ஒரே இனம் மாதிரித்தான் தெரிகிறது, லேபுக்கு அனுப்பினால் உறுதியாகும் என்றாள் டாக்டர்.

"இத நான் மேல எழுதித்தான் ஆவணும்மா. எழுதினா, எனக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. நான் உங்க பேர எழுதாம இருக்கப் பாக்கறேன்."

"எம் பேரையே எழுதுங்க மேடம்," என்றாள் ஜோதிலட்சுமி. "எரு போட்டது நானு. மருந்து சொன்னது நானு. பொதைச்ச எடம் எனக்குத் தெரியும். யாருன்னு தெரியாம ஒரு காகிதம் போனா, அதுக்குள்ள குழிய மாத்திடுவாங்க."

டாக்டர் பேனாவை எடுத்து அவள் பெயரை எழுதிக்கொண்டாள். எருவில் மட்டும் வந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், புழு ஏற்கெனவே கொஞ்சம் அங்கே இருந்திருக்கும் என்றாள். காடு இருந்து, தரை காய்ந்து, மான் பரவி மேய்ந்த வரைக்கும் அது தன் பாட்டுக்கு இருந்தது. காட்டை வெட்டி, அத்தனையையும் ஈரப் புல்லில் அடைத்த பிறகுதான் அது இப்படி ஆனது. எரு, சாகாத ஜாதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சொன்னது ஆறுதலுக்கா உண்மைக்கா என்று ஜோதிலட்சுமிக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

துளசிராமனிடம் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

வனத்துறை ஆட்கள் மூன்றாம் நாள் வந்தார்கள். குழிகளைத் தோண்டினார்கள். புதிதாகச் செத்த ஒன்றை டாக்டர் அங்கேயே அறுத்து, வயிற்றைத் திறந்து காட்டினாள். உள்ளே சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி ஆயிரக்கணக்கில் புழு. மோகன்ராஜ் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

மறுநாள் அவர் ஜோதிலட்சுமியை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ வரவில்லை.

"உங்களுக்கு நாங்க இன்னா கொறை வெச்சோம் ஜோதிம்மா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே பேசினார்.

"தண்ணிய வெளிய விட்டா ஒரு டிபார்ட்மெண்ட் வருது. மானை வெளிய விட்டா இன்னொரு டிபார்ட்மெண்ட் வருது. ஷெட்டு கட்டலன்னா ஹெட் ஆபீஸ் கேக்குது. நான் எங்கம்மா போறது?" என்றார். கோபமாக ஆரம்பித்த குரல் முடியும்போது களைத்துப் போயிருந்தது. "உங்கள வேலைய விட்டு எடுக்க முடியாது. சாட்சின்னு எழுதியிருக்காங்க. ஆனா பின்கேட்டு சாவி இனிமே எங்கிட்ட இல்ல. ஹெட் ஆபீசுக்கு எழுதிப்போட்டு வாங்கிக்கங்க."

எழுதிப்போட்டார்கள். பொங்கல் வந்து போனது. பதில் வரவில்லை. நெல் முற்றித் தலை சாய்ந்து, மணி உதிர ஆரம்பித்தது. மிஷின்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மீஞ்சூர் பக்கம் போய்விட்டார். கடைசியில் துளசிராமன் பக்கத்துக் கழனிக்காரர் சரவணகுமாரிடம் போய் நின்றார். அவர் கழனியில் இன்னும் சேறு. வண்டி விட முடியாது, ஆள் நடந்து போவதென்றால் வரப்பைப் பாழாக்காமல் போய்க்கொள்ளுங்கள் என்றார்.

கைக்கு அறுக்கிற ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? எல்லோரும் கம்பெனிகளில். செல்வி லீவு போட்டுவிட்டு வந்தாள். கூட அவள் தங்கை, ஜோதிலட்சுமியின் தம்பி, அவன் மனைவி, துளசிராமனின் சித்தப்பா மகன் இருவர். ஐந்து நாள் அறுத்தார்கள். ஒரு சாண் அகல வரப்பில் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் கால் பார்த்து வைத்து, அரை மைல் சுற்றி ரோட்டுக்குக் கொண்டு வந்தார்கள். உதிர்ந்தது போக முக்கால்வாசிதான் தேறியது. மூன்றாம் நாள் ஜோதிலட்சுமி வரப்பில் வழுக்கிச் சேற்றில் விழுந்தாள். கட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முன்னால் போன துளசிராமன் தன் கட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"அடி பட்டுச்சா?"

அத்தனை நாளில் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. இல்லை என்றாள். அவளுடைய கட்டையும் தன் கட்டோடு சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

இப்போது வைகாசி. மான்களுக்கு வேறு மருந்து வந்தது. வனத்துறை சொல்லி, புல்வெளியை இரண்டாகப் பிரித்துக் கம்பி வேலி போட்டார்கள். ஒரு பாதியில் தண்ணீர் தெளிப்பதில்லை, மான் அங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து தழை வெட்டிக் கொண்டுவந்து, தரையில் போடாமல் மூங்கில் தட்டியில் உயரமாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அந்த வேலை ஜோதிலட்சுமிக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை புழுக்கையைப் பொறுக்கிக் கவரில் போட்டு, தேதி எழுதி டாக்டருக்கு அனுப்புவதும் அவள்தான். முட்டை எண்ணிக்கை குறைந்திருக்கிறது. அடியோடு போகவில்லை, போகவும் போகாதாம். அறுபத்திரண்டில் முப்பத்தேழு மான் நிற்கிறது. வேறு காட்டுக்கு மாற்றலாமா என்றால், இந்தப் புழுவோடு எந்தக் காட்டில் கொண்டுபோய் விடுவது, அங்கே இருக்கிற மானுக்கும் சேர்த்துக் கொடுப்பதற்கா என்று டாக்டரே சொல்லிவிட்டாள். அதனால் மதிலுக்குள்தான். ஃபைல் ஏதோ ஒரு மேஜையில் இருக்கிறது.

தன் ஆடுகளுக்கு இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து ஊற்றுவதில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து இமையை இழுத்துப் பார்த்து, வெளுத்திருந்தால் மட்டும் கொடுக்கிறாள். செல்வி வீட்டு ஆடுகளுக்கும் அவள்தான் போய்ப் பார்க்கிறாள்.

பின்கேட் திறக்கவில்லை. இந்த வருஷம் உழவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மண்வெட்டியால் கொத்திப் பார்க்கலாமா என்று துளசிராமன் ஒரு நாள் கேட்டார். ஒன்றேகால் ஏக்கரையா என்றாள். அவர் சிரித்துவிட்டார், அவளும் சிரித்தாள்.

காலை ஏழு மணிக்கு அவள் குழாயைத் திறக்கிறாள். தண்ணீர் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? வேலிக்கு அந்தப் பக்கம், மான் இல்லாத பாதியில், தெளிப்பான் சுற்றுகிறது. புல் கண்ணைப் பறிக்கிற பச்சையாக நிற்கிறது. இந்தப் பக்கம் மஞ்சளாகக் காய்ந்த தரையில் முப்பத்தேழு மானும் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு அதையே பார்க்கின்றன. ஜோதிலட்சுமி தழைக்கட்டைத் தூக்கித் தட்டியில் கட்டிவிட்டு, அவை திரும்பி வருகிற வரைக்கும் நிற்கிறாள்.